எரியாத பஞ்சு மெத்தை

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "என்ஜினுக்குச் சட்டை தைக்கிறாரு" என்பேன். கேலி பேசுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். கேலி இல்லை, வேலையே அதுதான். விழுப்புரம் ஜங்ஷனில் அப்போது ஓடியதெல்லாம் நீராவி என்ஜின்கள். கொதிக்கிற பாய்லரைத் திறந்தபடி விட்டால் சூடு முழுக்கக் காற்றோடு போய்விடும். அதனால் கனமான மெத்தை தைத்து பாய்லரைச் சுற்றிக் கட்டுவார்கள். சந்துபொந்துகளில் ஒரு வெள்ளை மாவைச் சேறாகக் குழைத்து அப்பி, மேலே தகடு அடிப்பார்கள். மெத்தைக்குள் திணிப்பதும் அந்த மாவும் ஒரே பொருள்தான். புத்தகங்களில் அதைக் கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதுகிறார்கள். மெத்தை தைக்கிறவர்கள் குடியிருந்த எங்கள் தெருவில் அதற்குப் பெயர் கல்பஞ்சு.

ரயில்வேயில் உத்தியோகம் என்று சொல்லித்தான் திண்டிவனத்துக்கு வந்து என்னைப் பெண் கேட்டார்கள். கல்யாணம் ஆன பிறகுதான் விஷயம் தெரிந்தது. இவர் ரயில்வே ஆள் இல்லை, என்ஜின் ஷெட்டில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு காண்ட்ராக்டரின் ஆள். குவார்ட்டர்ஸ் கிடையாது, ரயில்வே டாக்டர் கிடையாது, ஓசிப் பயணம் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சாவதானமாக, "ரயிலுக்குத்தானே வேல செய்றேன், மாட்டு வண்டிக்கா செய்றேன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சண்டையும் முடிந்துவிட்டது.

சாயங்காலம் அவர் வருவது தெருமுனையிலேயே தெரியும். தலைமுடி, புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். வாசலிலேயே நிறுத்திவைத்து சட்டையைக் கழற்றச் சொல்வேன். அதைப் பொத்துப் பொத்தென்று சுவரில் அடித்து உதறுவேன். வெயிலில் அந்தத் தூசு மினுமினுவென்று மிதக்கும். என் முகத்திலும் புடவையிலும் படிந்துவிடும். "எனக்கும் சேத்து நரைக்க வெச்சிடுவீங்க போல இருக்குதே" என்று கத்துவேன்.

அந்தத் தூசு கெடுதல் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷெட்டில் கரி அள்ளுகிறவர்களைப் பார்த்து நாங்கள் பரிதாபப்படுவோம். அவர்கள் துப்பினால் கறுப்பாக வரும். அதைப் பார்த்ததும் அந்தக் கறுப்பு உள்ளே போய் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் புரிந்துவிடும். எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு அப்படி எதுவும் வராது. புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்ச நாள் இருமுவார்கள், பிறகு பழகிவிடும். "கரின்னாத்தான் பேஜாரு. நம்மளது வெள்ள. வெள்ளையில இன்னா கெடுதி இருக்குது?" என்று இவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நானும் நம்பினேன். வெள்ளை என்றால் சுத்தம், கறுப்பு என்றால் அழுக்கு. அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

கெடுதல் என்று நினைக்காதது மட்டும் இல்லை, அதைப் பெருமையாக வேறு நினைத்தோம். மிச்சம் மீதி விழும் கல்பஞ்சை ஆம்பிளைகள் கோணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவருவார்கள். தலையணைக்கு அதுதான். இலவம்பஞ்சுத் தலையணையில் மூட்டைப்பூச்சி குடித்தனம் நடத்தும். இதில் ஒன்றுகூடத் தங்காது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. விளக்கு சாய்ந்து விழுந்தாலும் பற்றிக்கொள்ளாது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் குத்துவிளக்கு இருக்கிறதோ இல்லையோ, கல்பஞ்சுத் தலையணை ஒரு ஜோடி சீரில் கட்டாயம் இருக்கும்.

எங்கள் கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்குத் திண்டிவனம் போனபோது இவர் ஒரு பொட்டலம் கல்பஞ்சு கொண்டுவந்திருந்தார். என் அண்ணன் அங்கே வேர்க்கடலை மண்டியில், எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டியில், எடை போடுகிறவர். லேசில் எதையும் மெச்சுகிற ஆள் கிடையாது. அவர் கண் முன்னால் இவர் ஒரு பிடி பஞ்சை எடுத்து அடுப்பில் போட்டார். அது தணலோடு தணலாகச் சிவந்தது. இடுக்கியால் வெளியே எடுத்து ஊதினார். போட்டபடியே வெள்ளையாக வந்தது. அண்ணன் அதை வாங்கி இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், காதில் சொருகிக்கொண்டார். "கெட்டிக்கார சரக்குதான் மாப்ள" என்றார். அன்றைக்குத்தான் இவருக்கு என் பிறந்த வீட்டில் மரியாதை வந்தது.

எங்களுக்கு ஒரே மகள். யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தாள். யுத்தம் வந்ததும் ஷெட்டில் ராப்பகலாக வேலை. பட்டாளத்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. என்ஜின்களுக்கு ஓய்வு கிடையாது. பாய்லர் முழுசாக ஆறுவதற்கு முன்னாலேயே பழைய பூச்சை உளியால் கொத்தி எடுக்கச் சொல்வார்களாம். காய்ந்து போன பூச்சு மாவு மாவாக உதிருமாம். "ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியல" என்பார். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முதலில் அவர் பாடுவதில்தான் வித்தியாசம் தெரிந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால் எங்கள் சபையார் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். இவர் குரல்தான் முன்னால் நிற்கும். அந்த வருஷம் ஒரு அடியைப் பாடி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இரண்டு வீடு தாண்டியதும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நடந்தார். அடுத்த வருஷம் போகவே இல்லை. ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதியில் நின்று, வேடிக்கை பார்ப்பதுபோல ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷமாகப் பார்க்காத ரயிலா? நிற்பதற்கு அது ஒரு சாக்கு. உடம்பு இளைத்தது. வறட்டு இருமல் விடாமல் இருந்தது. விரல் நுனிகள் மட்டும் உருண்டு தடித்தன, நகம் கிளிமூக்குபோல வளைந்தது. அதை நான் உழைப்பால் வந்த காய்ப்பு என்று நினைத்தேன்.

கடைத்தெருவில் இருந்த டாக்டர் குழாயை வைத்து முதுகில் கேட்டார். இளைப்பு, இருமல், மாலைச் சோர்வு என்று நான் சொன்னதைக் கேட்டார். என்ன வேலை என்று கேட்கவில்லை. "சயரோகம்" என்றார். குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும், "அத வூட்டுல வெச்சிக்காதம்மா. பெத்த புள்ளைய நீயே சாவக்குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார்.

க்ஷயம் என்ற வார்த்தை எங்கள் தெருவில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அது வந்து உட்கார்ந்திருந்தது. கிணற்றடியில் எனக்கு முன்னால் நின்றவள் குடத்தை நகர்த்திவைத்தாள். அண்ணனுக்கு ஆள் விட்டேன். மறுநாளே வந்து நின்றார். வாசலைத் தாண்டவில்லை. "பாப்பாவ அனுப்பு. எம் புள்ளைங்களோட புள்ளையா இருக்கட்டும். ஒடம்பு தேறட்டும், நானே கொண்டாந்து வுடுறேன்" என்றார். அவளுக்கு அப்போது நான்கு வயசு. அண்ணனை மறுநாள் வரை இருக்கச் சொன்னார் இவர். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானம் ஷெட்டுக்குப் போய், பிரிக்காத மூட்டை ஒன்றைக் காண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கிவந்தார். வீட்டில் இருந்த பஞ்சை அவர் தொடவில்லை. அதிலெல்லாம் தன் மூச்சு பட்டிருக்கும் என்றார். கடையில் இருந்து புதுத் துணி வாங்கிவரச் சொன்னார். சோப்புப் போட்டுக் குளித்தார். துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, வாயையும் மூக்கையும் ஒரு துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கொல்லைப் பக்கம் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்து, பஞ்சைப் பிடி பிடியாக எடுத்துக் கையாலேயே பிய்த்துப் பிய்த்துப் பூப்போல ஆக்கினார். ஒரு கட்டி இல்லாமல் பார்த்துக்கொண்டார். மகள் படுக்கிற அளவுக்கு ஒரு சின்ன மெத்தை தைத்தார். என்ஜினுக்குத் தைக்கிற கை அது. தையல் ஒவ்வொன்றும் எண்ணிவைத்ததுபோல இருந்தது.

அந்த வேலையில் அத்தனை வருஷம் இருந்தவர் மூக்கைத் துணியால் மூடியது அந்த ஒரு நாள்தான். தூசுக்காக மூடவில்லை. தன் மூச்சு மகளுடைய மெத்தையில் படக்கூடாது என்று மூடினார். இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் காலையில் மெத்தையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வாசலில் வைத்துவிட்டு அவர் தள்ளி நின்றார். அண்ணன் தயங்கினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. இதுல உங்க மூச்சு கீச்சு எதுவும்..."

"ஒண்ணும் படல மச்சான். மூட்டையே புதுசு. வாயக் கட்டிக்கினுதான் தச்சேன். அவளக் கேளுங்க."

நான் ஆமாம் என்றேன். அண்ணன் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். மகள் மாமா கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ரயிலில் போகப்போகிற சந்தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் திண்டிவனம் பக்கம் போகிற தண்டவாளத்தைப் பார்த்தபடி அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம். காண்ட்ராக்டர் கொஞ்ச நாள் உட்கார்ந்து தைக்கிற வேலை கொடுத்தார், அப்புறம் அதையும் நிறுத்திவிட்டார். நான் ஸ்டேஷன் பக்கம் இட்லி சுட்டு விற்றேன். க்ஷயக்காரன் பெண்டாட்டி இட்லி என்று உள்ளூர்க்காரர்கள் வாங்க மாட்டார்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அதனால் பிழைத்தோம். போகப்போக அவரால் படுக்க முடியாமல் போயிற்று. படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். முதுகுக்கு அண்டக்கொடுக்கத் தலையணை போதவில்லை. எங்கள் டம்ளரில் தண்ணீர் குடிக்காத தெருக்காரர்கள் அந்த விஷயத்தில் மனசு இளகிப்போனார்கள். ஆளுக்கொரு கல்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி தன் சீர்த் தலையணையையே கொடுத்தாள். ஏழெட்டை அடுக்கி அவரை நடுவில் உட்காரவைத்தேன். அவர் திரும்பும்போதெல்லாம் பழந்துணி வழியாகத் தூசு புகையும். நான் விசிறியால் விசிறிவிடுவேன். எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று அப்போது கண் கலங்கியது.

மாதத்துக்கு ஒரு முறை மகளைப் பார்க்கத் திண்டிவனம் போவேன். அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் குளித்து, அண்ணி புடவையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவளைத் தூக்குவேன். திரும்பி வந்ததும் இவர் முதலில் கேட்பது மெத்தையைப் பற்றி.

"அதுல படுக்குதா?"

"அதுல இல்லாம தூக்கமே வர்லயாம். மாமா பசங்கள கிட்டயே வுட மாட்டுறா. அப்பா மெத்த, அப்பா மெத்தன்னுக்கினு."

அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். இவ்வளவு தூரத்தில் இருந்தும் மகளுக்குத் தன்னால் ஆனதைச் செய்துவிட்டோம் என்கிற தெளிச்சி. அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.

யுத்தம் முடிகிற சமயத்தில் அவர் கால் வீங்கியது. காலையில் கணுக்காலில் இருக்கும், சாயங்காலத்துக்குள் முழங்காலுக்கு ஏறிவிடும். கழுத்து நரம்பு துள்ளுவது வெளியே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. கடைத்தெரு டாக்டரிடம் போய், "சயரோகம்னா ரத்தம் கக்கணும்னு சொல்றாங்க, இவரு ஒரு நாளும் கக்கல. இத்தினி வருஷமா ஒரே சட்டியில சாப்புட்டுக்கினு கீறேன், எனக்கு ஏன் ஒட்டல?" என்று கேட்டேன். "நீ டாக்டருக்குப் படிச்சியா?" என்று கேட்டார். படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே இவரைக் கைத்தாங்கலாக ரயிலேற்றிப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே சீமையில் படித்துவிட்டு வந்த தமிழ் டாக்டர் ஒருவர் சொந்தமாக எக்ஸ்ரே மிஷின் வைத்திருப்பதாக இட்லி வாங்க வந்த ஒருவர் சொல்லியிருந்தார்.

அந்த டாக்டர் இவருடைய விரல்களைத்தான் முதலில் பார்த்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் டாக்டர் அவர். இவர் சொன்னார். டாக்டர் இவரை மிஷின் இருந்த அறைக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்துக்கு முன்னால் அதைப் பிடித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடி மேல் யாரோ பெருமூச்சு விட்டதுபோல அடிப்பக்கம் முழுக்க மங்கலாக இருந்தது.

"இது க்ஷயம் இல்லம்மா. அந்தப் பஞ்சோட தூசி. கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி உள்ள போயிடுச்சி. போனது திரும்பி வராது, கரையாது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போச்சி. அதுக்குள்ள ரத்தத்தத் தள்ளித் தள்ளி இதயம் பெருத்து ஓஞ்சிப்போச்சி. கால் வீங்குறது அதனாலதான்."

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. "க்ஷயம் இல்லையா? அப்ப தொத்தாதா?"

"தொத்தாது."

நான் சிரித்துவிட்டேன். வெட்கமில்லாமல், சத்தமாக, ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன். இவரும் சிரித்தார். "பாப்பாவக் கூட்டாந்துடலாம்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது கிடையாது.

டாக்டர் சிரிக்கவில்லை. "இவர் மூச்சு தொத்தாது. தூசிதான் கெடுதல். இனிமே அந்தப் பக்கமே போகக்கூடாது. வீட்டுல அந்தப் பஞ்சு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"தலையணை இருக்குதுங்க" என்று தொடங்கினேன். பிடரியில் ஓங்கி அடித்ததுபோல இருந்தது. திரும்பி இவரைப் பார்த்தேன். அவருக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டிருந்தது. என் கையை விட்டுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. அந்த முகத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"நானே தச்சேங்க" என்றார் டாக்டரிடம். "எம் பொண்ணுக்கு. புதுப் பஞ்சு. ஒரு கட்டி இல்லாம நானே பிச்சி..." மேலே பேச மூச்சு இல்லை.

மீதியை நான்தான் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். குழந்தைக்கு எதுவும் வருமா என்று கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம். வந்தா ரொம்ப வருஷம் கழிச்சித்தான் தெரியும். பொய் சொல்ல எனக்கு மனசு வரலைம்மா" என்றார். பொய்யே சொல்லியிருக்கலாம். என் மகளுக்கு இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைக்கும் அவள் தொண்டையைச் செருமினால் நான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கிறேன்.

விழுப்புரத்துக்குத் திரும்புகிற ரயிலில் ஏற அவர் சம்மதிக்கவில்லை. "இப்படியே திண்டிவனம் போவலாம். ஜல்தி" என்றார். அவர் இருந்த நிலையில் அது பெரிய பயணம். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் அடுப்பு கட்டிக் கரிப்புகையில் ஓட்டிய பஸ் அது. கிளியனூருக்குப் பக்கத்தில் நின்றுபோய்விட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றார்கள். இவர் மட்டும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். தான் தள்ளினால் பஸ் நகரும் என்பதுபோல.

திண்டிவனத்தில் அண்ணன் வீட்டு வாசலில் அவர் நின்றுவிட்டார். இத்தனை நாள் பழக்கம், உள்ளே வரக் கால் எழவில்லை. "நீ போ, மொதல்ல அத வெளிய எடு" என்றார். நான் உள்ளே ஓடினேன். கொல்லையில் என் மகள் குந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மெத்தை கிடந்தது. ஒரு ஓரத்தில் தையலைப் பிரித்திருந்தாள். பிடி பிடியாகப் பஞ்சை உருவி, தண்ணீரில் குழைத்து, கவிழ்த்துவைத்த ஒரு பானையின் மேல் தட்டித் தட்டி அப்பிக்கொண்டிருந்தாள். தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளை. சாயங்காலம் ஷெட்டில் இருந்து வருவாரே, அதே மாதிரி.

"இன்னாடி பண்ற?" என்று அலறிவிட்டேன்.

"என்ஜினு செய்றேம்மா. தெனமும் செய்வேன். அப்பா மாரி" என்றாள்.

அவளை வாரி எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை வாரி வாரி ஊற்றினேன். அண்ணி பயந்துபோனாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அண்ணன் மண்டியில் இருந்து ஓடிவந்தார். நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். க்ஷயக்காரன் துணிமணியை என்ன செய்வார்களோ, அண்ணன் அதைச் செய்தார். மெத்தையைக் கொல்லை மூலைக்கு இழுத்துப்போய், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்.

துணி எரிந்தது. பஞ்சு எரியவில்லை. தையல் விட்டுப்போனதும் உள்ளே இருந்தது சிவந்து, வெளுத்து, அனல் காற்றில் இழை இழையாக மேலே கிளம்பியது. அண்ணன் பிள்ளைகள் அதைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு குதித்தார்கள். "தண்ணி ஊத்துண்ணே, தண்ணி ஊத்து" என்று நான் கத்தினேன். ஊற்றி அணைத்து, ஈரத்தோடு அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தோம். அண்ணன் மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டே அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். "கெட்டிக்கார சரக்குன்னு நான்தானே சொன்னேன்" என்று சொல்லிச் சொல்லி மிதித்தார்.

அப்புறம்தான் வாசலில் அவர் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அண்ணனே போய்க் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தார். கொல்லையில் ஒரு பலகை போட்டு உட்காரவைத்தார். மகள் ஈரத் தலையோடு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். இரண்டு வருஷமாக அவள் மனசில் வைத்திருந்த அப்பா வேறு, இப்போது எதிரில் இருந்த எலும்பும் வீங்கிய காலுமான ஆள் வேறு. அவர் கையை நீட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரிடம் போனாள்.

"திரும்பி நில்லு கண்ணு" என்றார். அவளைத் திருப்பி நிறுத்தி, வெற்று முதுகில் தன் காதை வைத்தார். கடைத்தெரு டாக்டர் குழாயை வைத்து இவருக்குச் செய்தது அதுதான்.

"கூசுதுப்பா" என்று அவள் நெளிந்தாள்.

"மூச்ச நல்லா இழுத்து வுடு. இன்னொரு வாட்டி. இன்னொரு வாட்டி."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் காதை வைத்துக் கேட்டார். நாங்கள் எல்லோரும் அசையாமல் நின்றோம். அண்ணி வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் நிமிர்ந்து, அண்ணனையும் என்னையும் பார்த்து, "ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்குது. நான் நல்லா கேட்டுட்டேன்" என்றார். அண்ணன் இரண்டு கையையும் மேலே தூக்கி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

கொல்லையின் அந்தக் கோடியில் கிணற்றடியில் நின்றிருந்த எனக்கே அவருடைய நெஞ்சுச் சத்தம் கேட்டது. காய்ந்த மல்லாட்டைத் தோலை யாரோ விடாமல் மிதிப்பதுபோல, இழுக்கும்போதும் விடும்போதும் கரகரவென்று. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவருக்கு வேறு எதுவும் கேட்டிருக்காது.